கன்ட்ரோல் மாமா

நவம்பர் 4, செவ்வாய்

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். ஸ்லைடில் மேலே ஒட்ட வேண்டிய சதையைக் கீழேயும், கீழே ஒட்ட வேண்டியதை மேலேயும் ஒட்டிவிட்டேன். யாருக்கும் கெடுதல் இல்லை. டாக்டரம்மா உடனே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் எழுதிவைக்கிறேன். செய்த வேலை, செய்த பிழை, மறுநாள் வேலை, இந்த மூன்றையும் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் நான் படிக்கும் லேப் டெக்னீஷியன் மாலை வகுப்பின் ஆசிரியை. வகுப்பில் மற்றவர்கள் எழுதுகிறார்களா தெரியாது. ஆய்வகத்தில் எனக்கு 'டைரி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

நான் பகலில் உதவியாளராக இருக்கும் ஆய்வகம் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வெளியுலகம் தெரியும் ஜன்னல் இல்லாத நீள அறை. சிறுநீர்ப்பையில் கட்டி வந்தவர்களிடமிருந்து சுரண்டி எடுத்த துணுக்குகள் மெழுகுக்குள் பதிந்து, சிறு கட்டிகளாக எங்களிடம் வரும். அதை பிளாக் என்போம். அதிலிருந்து வெங்காயத் தோலைவிட மெல்லிய ஓர் ஏட்டைச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்துவோம். பிறகு அதைக் குக்கரில் வேகவைத்து, மருந்து சொட்டி, சாயம் ஏற்றுவோம். வேகமாகப் பெருகும் செல்கள் பழுப்பாகும். மற்றவை நீலமாக இருக்கும். பழுப்பு எவ்வளவு என்று எண்ணி டாக்டரம்மா சொல்வார்: இந்தக் கட்டி அடங்கிக் கிடக்குமா, திரும்ப வருமா, ஆழமாக இறங்குமா. நாங்கள் யாரையும் குணப்படுத்துவதில்லை. சொல்லத்தான் செய்கிறோம்.

சாயம் சரியாகப் பிடித்ததா என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு ஸ்லைடிலும், நோயாளியின் சதைக்கு மேலே, இன்னொருவரின் சதையையும் ஒட்டுவோம். அது கட்டாயம் பழுப்பாகும் என்று முன்பே தெரியும். ஆகவில்லை என்றால் எங்கள் வேலையில் கோளாறு. அதற்குப் பெயர் கன்ட்ரோல். நாங்கள் இப்போது சீவிக்கொண்டிருப்பது எப்போதோ இறந்துபோன ஒருவருடைய பிளாக். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. சீனியர் டெக்னீஷியன் மெழுகண்ணன் அவருக்கு மாமா என்று பெயர் வைத்திருக்கிறார்.

"எந்த வீட்டு விசேஷம்னாலும் கூப்பிடாமலே வந்து முன்னால நிப்பாரே ஒரு மாமா, அந்த மாதிரி. எல்லா ஸ்லைடுலயும் முதல் ஆளு இவருதான்" என்பார். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "மாமாவை வெளிய எடுத்தியா?"

இன்று நான் மாமாவைக் கீழே, நோயாளியின் இடத்தில் ஒட்டிவிட்டேன். டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

"அடடா, ரொம்ப மோசமா இருக்கே. எங்க பாத்தாலும் பழுப்பு. இவரு இனிமே…"

நிறுத்தினார். ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏய், இது நம்ம மாமா! யாருடி தலைகீழா ஒட்டினது? பாவம், இத்தனை வருஷத்துல முதல் தடவையா மாமாவுக்கு ரிசல்ட் சொல்லப் போனேன்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

கிளம்பும்போது நடைபாதையில் இருக்கும் பெஞ்சு ஓர் ஓரத்தில் நனைந்திருந்தது. அங்கே குழாய் எதுவும் இல்லை. துடைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு வரும் திங்கட்கிழமை ஆபரேஷன். சிறுநீரில் ரத்தம். ஸ்கேனில் கட்டி தெரிகிறது. அவருடைய துணுக்கும் எங்கள் மேஜைக்குத்தான் வரும்.

நாளை: மாமா மேலே. ஒட்டுவதற்கு முன் இருமுறை பார்க்க வேண்டும்.


நவம்பர் 6, வியாழன்

பிழை எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். என் கையை நான் முழுதாக நம்புவதில்லை என்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மாலையில் மெழுகண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். குக்கர் சூடாகிக்கொண்டிருந்தது. நடைபாதையிலிருந்து மாதிரிகள் வாங்கும் சிறு சன்னலுக்குப் பனி படிந்தது போன்ற கண்ணாடி. வெளியே நிற்பவர் வெறும் நிழலாகத்தான் தெரிவார். அதில் ஒரு நிழல் வந்து நின்றது. குனிந்த தோள். வலது கையில் ஏதோ பை தொங்கியது.

மெதுவாகத் தட்டும் சத்தம்.

"அம்மா, என் ரிசல்ட் வந்துடுச்சா?"

வயதான குரல். கேட்பதற்கே கூச்சப்படும் குரல்.

"இங்க ரிசல்ட் தர மாட்டோம் ஐயா. மேல கவுன்டர்ல கேளுங்க. பேர் சொல்லுங்க, நான் வேணா பாக்கறேன்" என்றேன்.

கையில் தொங்கிய பை மட்டும் லேசாக ஆடியது.

"பேர் என்னங்க?"

"அந்த டாக்டரம்மா சொல்ல ஆரம்பிச்சாங்களே. பாதியில நிறுத்திட்டாங்க."

என் பின்னால் குக்கர் விசில் அடித்தது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பினேன். கண்ணாடியில் நிழல் இல்லை. கதவைத் திறந்து நடைபாதையைப் பார்த்தேன். யாரும் இல்லை. பெஞ்சின் அதே ஓரம் நனைந்திருந்தது. உருகிய மெழுகின் வாடை. அதற்கு அடியில், ஆண்கள் வார்டில் காலையில் அடிக்குமே, அந்த மூத்திர வாடை.

மெழுகண்ணனிடம் சொன்னேன்.

"யாராவது பேஷன்ட் வழி தெரியாம வந்திருப்பாங்க. நீ ராத்திரி முழுக்க படிச்சிட்டு பகல்ல கனவு காணாத, டைரி."

அப்படியும் இருக்கலாம்.

நாளை: ஈரப்பெட்டியைக் கழுவ வேண்டும். மருந்து சொட்டிய ஸ்லைடுகளை அடுக்கும் பெட்டி அது. மூடியைத் திறந்தாலே அந்த வாடை வருகிறது.


நவம்பர் 10, திங்கள்

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அப்பா கண் திறந்ததும் முதலில் கேட்டது, "லாரி வந்துச்சா?" என்று. பட்டறையில் பாதி பெயின்ட் அடித்த ஒரு லாரியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க லாரிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். அந்தப் பெயின்ட்டுதான் உள்ளே இறங்கியிருக்கலாம் என்கிறார் வார்டு டாக்டர்.

"அடுத்து என்னம்மா பண்ணுவீங்க?" என்று அப்பா என்னிடம் கேட்டார். சொன்னேன். பழுப்பு குறைவாக இருந்தால் அவ்வப்போது வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்பார்கள், பட்டறைக்குப் போகலாம். அதிகமாக இருந்தால் சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டியிருக்கலாம், அதற்குப் பிறகும் உறுதி இல்லை.

தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நீலம்னா நல்லது?"

"ஆமாப்பா."

"அப்ப யாரும் பாக்காதப்ப ஒரு கோட்டு நீலம் அடிச்சு விடேன். உன் அப்பன் தொழில்தானே?"

அம்மா அவர் கையில் தட்டினாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆய்வகத்தில் நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன். போன வாரத்திலிருந்தே ஒன்றைக் கவனித்து வருகிறேன். ஸ்லைடில் மாமாவுக்கும் நோயாளிக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடம் விடுவோம். விட்டுத்தான் ஒட்டுகிறேன். ஆனால் சாயம் முடிந்து வெளியே வரும்போது அந்த இடைவெளி குறைந்திருக்கிறது. முதல் நாள் சந்தேகமாக இருந்தது. அடுத்த நாள் அரை விரல். இன்று மெழுகண்ணனையே ஒட்டச் சொன்னேன்.

"உன் கை நடுங்குதுன்னா அதுக்கு நானா கிடைச்சேன்?" என்று முணுமுணுத்தபடியே ஒட்டினார். அது ஒரு டாக்ஸி டிரைவருடைய ஸ்லைடு. அவர் மனைவி காலையில் சன்னலில் நின்று, "நல்லபடியா பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

குக்கரைத் திறந்து ஸ்லைடை எடுத்தபோது இரண்டு சதைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

"கொதியில நகர்ந்திருக்குமா?" என்று கேட்டேன்.

மெழுகண்ணன் ஸ்லைடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொதியில கழண்டு விழும். நடந்து போகாது."

சாயம் ஏற்றினோம். மாமாவின் பழுப்பு கரையைத் தாண்டி டிரைவரின் சதைக்குள்ளும் பரவியிருந்தது. திரும்பச் செய்தோம். மறுபடியும் தொட்டுக்கொண்டிருந்தன. மறுபடியும் பழுப்பு. டாக்டரம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "எண்ணிக்கை அதிகம்தான்" என்று ரிப்போர்ட் கொடுத்தார்.

அந்தக் கட்டி முதலிலேயே அப்படிப்பட்டதாக இருந்திருக்கலாம். எனக்கு அதைச் சொல்லும் அறிவு இல்லை.

நாளை: தனியாக இருக்கும் நேரம் பார்த்து மாமாவின் ரிசல்ட்டை அவரிடம் சொல்ல வேண்டும். வேறு வழி தோன்றவில்லை. டாக்டரம்மா பாதியில் நிறுத்தியதை யாராவது முடித்தாக வேண்டும்.


நவம்பர் 11, செவ்வாய்

சொன்னேன்.

மாலையில் டாக்டரம்மா கிளம்பியதும் மாமாவை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அவருடைய சதை ஒரு காது போல வளைந்திருக்கும். மேல் மடலில் சிறு வெட்டு. இத்தனை நாள் சாயம் ஏறியதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். இன்றுதான் உட்கார்ந்து, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, கண்ணுக்குத் தெரியும் வட்டம் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினேன். எண்ணி முடித்தபோது அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. எந்த இடத்திலும் நீலத்துக்கு நிற்க இடமில்லை.

சன்னலருகே போனேன்.

நிழல் முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தது.

"ஐயா" என்றேன். "நீங்க… நீங்க போய் ரொம்ப நாளாச்சு ஐயா."

"தெரியும்மா. போனது தெரியும். ரிசல்ட்டுதான் தெரியல."

சொன்னேன். முழுதாகச் சொன்னேன். கட்டி திரும்ப வரும் வகை, ஆழமாக இறங்கும் வகை, நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இருந்திருக்காது என்று. டாக்டரம்மா எல்லோருக்கும் சொல்வது போலத்தான்.

கண்ணாடிக்கு அப்பால் நீளமான மூச்சு. எங்கோ சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நிழல் மங்கவும் செய்தது.

பிறகு, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அல்ல, என் தோளருகே அந்தக் குரல் கேட்டது.

"இதைக் கேட்டுட்டுத் தனியா எப்படிம்மா போறது?"

விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். என் கோட்டின் தோள் ஈரமாக இருந்தது.

வகுப்புக்குப் போகவில்லை. அதுவும் ஒரு பிழைதான்.

நாளை: கன்ட்ரோலை மாற்றச் சொல்லி மெழுகண்ணனிடம் கேட்க வேண்டும்.


நவம்பர் 12, புதன்

டாக்ஸி டிரைவர் நேற்றிரவு இறந்துவிட்டார். ஆபரேஷன் புண்ணில் ரத்தப்போக்கு என்று வார்டு ஆயா சொன்னாள். கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். வார்டில் அவருக்குப் பக்கத்துக் கட்டில் காலி. ஆனால் அதன் விரிப்பு நனைந்திருந்ததாம். "யாரு படுத்தாங்கன்னே தெரியல, நான் எத்தனை தடவை மாத்தறது?" என்று அவள் திட்டிக்கொண்டிருந்தாள்.

மெழுகண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அலமாரியின் அடித்தட்டிலிருந்து வேறொரு பிளாக்கை எடுத்துவந்தார். பழைய அட்டையில் ஒரு பெண்ணின் பெயர்.

"இந்த அம்மாவும் நல்லா பழுப்பாவாங்க. இனிமே இவங்கதான். மாமாவை உள்ள வெச்சுப் பூட்டு."

பூட்டினேன். மெழுகண்ணனே புது பிளாக்கைச் சீவினார். முதல் ஏடு வெந்நீரில் விழுந்து, சுருக்கம் நீங்கி, மெல்ல விரிந்தது.

காது போல வளைந்திருந்தது.

மேல் மடலில் சிறு வெட்டு.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது தண்ணீரில் தானாக மிதந்து, நான் நின்ற பக்கத்துக் கரையைத் தொட்டு நின்றது.

"மாமா" என்றார் மெழுகண்ணன். விளையாட்டாக வைத்த பெயரை அவர் இவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கையுறையைக் கழற்றினார். கழற்றியதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"டைரி, நான் கொஞ்ச நாள் லீவு போடறேன். தப்பா நினைக்காத. எனக்கும் வீட்டுல ஆளுங்க இருக்காங்க."

"அண்ணே, அப்பாவோட பிளாக் வந்துடும்ணே. நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதான்மா… அதைத்தான் என்னால வெட்ட முடியாது."

நாளை: டாக்டரம்மாவிடம் பேச வேண்டும். அழாமல் பேச வேண்டும்.


நவம்பர் 13, வியாழன்

காலையில் அப்பாவின் பிளாக் வந்துவிட்டது. புற்றுதான் என்று பக்கத்துப் பிரிவில் வழக்கமாகப் போடும் முதல் ஸ்லைடிலேயே தெரிந்துவிட்டது. எந்த வகை என்று பார்க்க, பழுப்புச் சாயத்துக்கு எழுதியிருந்தார் டாக்டரம்மா. பிளாக்கின் ஓரத்தில் அப்பாவின் பெயர், என் கையெழுத்தைவிட அழகான கையெழுத்தில். மெழுகுக்குள் சோற்றுப் பருக்கை அளவில் சில துணுக்குகள். இதுதான் அப்பா என்று நினைத்துக்கொள்ள முடியவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

டாக்டரம்மாவிடம் போனேன்.

"கன்ட்ரோல் இல்லாம அப்பாவோடதை மட்டும் பண்ணலாமா மேடம்?"

"கன்ட்ரோல் இல்லாம வந்த ஸ்லைடை நான் பாக்கவே மாட்டேன். உனக்குத் தெரியாதா? நீலமா வந்தா, நிஜமாவே நல்லதா, இல்ல சாயம் ஏறலையான்னு எப்படிச் சொல்றது? உங்க அப்பாவுக்கு அப்படி ஒரு பொய்யை நான் கொடுக்கணுமா?"

"வேற லேபுக்கு அனுப்பலாமா?"

அவர் என்னை உட்காரச் சொன்னார். கோபமே இல்லை.

"எங்க அனுப்பினாலும் அங்கயும் மேல ஒருத்தரை வெச்சுதான்மா பண்ணுவாங்க. நீ பயந்திருக்கே, புரியுது. ஆனா ஸ்லைடு யாரையும் ஒண்ணும் பண்ணாது. இருக்கறதைத்தான் காட்டும். மெழுகண்ணனும் லீவு. நாளைக்கு நீயே வெட்டிடு. உன் கை சுத்தமான கை. நான் சும்மா சொல்லல."

முதல் தடவையாக ஒருவர் என் கையைப் புகழ்கிறார். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்தேன். இன்று அப்பாவை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். என்னோடு சேர்ந்து போகலாம் என்று, அம்மாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, மெல்ல நடந்து கீழ்த்தளத்துக்கு வந்திருக்கிறார். நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சு நீளமானது. அவர் அதன் நுனியில், இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் விழுந்துவிடுவார் என்ற இடத்தில் ஒடுங்கியிருந்தார். மீதிப் பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தது.

"ஏம்ப்பா இப்படி ஓரத்துல?"

"இவ்வளவு நேரம் ஒருத்தர் உக்காந்திருந்தார்மா. மூத்திரப் பையைக் கையில வெச்சுக்கிட்டு, பாவம். ஆனா சரியான ஆளு. அவ்வளவு பெஞ்சு இருக்கு, என்னை இடிச்சுக்கிட்டே வர்றார். நான் நகர நகர அவரும் நகர்றார். தள்ளி உக்காருங்கன்னு சொல்லவும் சங்கடமா இருந்துச்சு."

நான் பெஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தேன்.

"என்ன சொன்னார்?"

"உன்னைத் தெரியுமாம். 'அந்தப் பொண்ணு தினமும் காலையில முதல்ல என்னைத்தான் எடுக்கும், மாமான்னுதான் கூப்பிடும்'னார். யாரும்மா? எனக்குத் தெரியாம எந்த மாமா?"

நான் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அவருக்கு ரிசல்ட் வந்துடுச்சாம். உங்களுக்கு எப்போன்னு கேட்டார். நாளைக்குன்னு வார்டுல சொன்னாங்கன்னேன். 'சரி, ஒண்ணாவே போயிடலாம்'னார். எந்த ஊருன்னு கேக்கறதுக்குள்ள ஆளைக் காணோம்."

சொல்லிவிட்டு அப்பா எழுந்தார். அவருடைய சட்டை எனக்கு நன்றாகத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு என்று அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்தது. ஒரு பக்கம், தோளிலிருந்து இடுப்பு வரை, நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தொட்டேன். விரலில் ஈரம் கொஞ்ச நேரத்தில் வெளுத்து இறுகியது. மெழுகு.

ஆட்டோவில் அப்பா எனக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்தார். நெருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் யாருக்கும் இடம் இல்லாதபடி. வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிவிட்டோம். வேறு சட்டையில் அவர் சுவரோரக் கட்டிலில் படுத்துத் தூங்குகிறார். அவருக்கும் சுவருக்கும் நடுவே விரிப்பில் ஓர் ஆள் படுக்கும் இடத்தை விட்டுவிட்டு, கட்டிலின் நுனியில், ஒருக்களித்து.

இழுத்து நடுவில் படுக்கவைத்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடி நுனிக்கு வந்துவிட்டார்.

இன்று பிழை ஏதும் செய்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். எதுவும் தென்படவில்லை. எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தேன். நாளையும் அப்படித்தான் செய்ய முடியும்.

நாளை: அப்பாவின் பிளாக்கைச் சீவ வேண்டும். ஒரே ஸ்லைடு. மாமா மேலே. அப்பா கீழே. நடுவில் இடம் விட வேண்டும்.